பத்து சொசேஜுக்கு எட்டு பணிஸ் : யார் செய்த சதி?

வட அமெரிக்காவில் கோடைகாலம் தொடங்கியதும் வருடம் தவறாமல் ஒரு கேள்வி கிளம்பிவிடும். ஹொட் டோக் சொசேஜ்கள் பெரும்பாலும் 10 கொண்ட பக்கற்றுகளில் விற்கப்படுகின்றன. அவற்றை வைத்து உண்பதற்கென்றே செய்யப்படும் நீண்ட பணிஸ்கள் 8 கொண்ட பக்கற்றுகளில் விற்கப்படுகின்றன. ஒன்று மற்றதற்காகவே உருவாக்கப்பட்டிருக்கும்போது இரண்டையும் ஏன் ஒரே எண்ணிக்கையில் விற்கக்கூடாது?

அரசியலை எழுதிப் பழகிப்போனவருக்கு சொசேஜுடன் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ரொறன்ரோவிலும் நியூயோர்க்கிலும் வாழும் எமது வாசகர்களுக்கு இது பிள்ளைகளின் பிறந்தநாள் விருந்துகளில் நேரில் கண்ட சங்கதி. அதற்கு அப்பால், எவருமே திட்டமிட்டுச் செய்யாத ஒரு தவறு பல தசாப்தங்களாக எவ்வாறு உயிர்வாழ்கிறது என்பதை விளங்கிக்கொள்வதற்கு இதைவிடவும் எளிமையான உதாரணம் கிடைப்பது அரிது. அரசியல் எழுதுபவர்களுக்கு அது பரிச்சயமான விடயமே.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். ஒரு பக்கற் சொசேஜும் ஒரு பக்கற் பணிஸும் வாங்கினால் 2 சொசேஜ்கள் எஞ்சும். அந்த இரண்டுக்காக இன்னொரு பக்கற் பணிஸ் வாங்கினால் 6 பணிஸ்கள் எஞ்சும். அந்த ஆறையும் வீணாக்காமலிருக்க மீண்டும் ஒரு பக்கற் சொசேஜ் வாங்கினால் 4 சொசேஜ்கள் மிச்சமாகும். எதுவுமே எஞ்சாமல் இருக்கவேண்டுமென்றால் 4 பக்கற் சொசேஜும் 5 பக்கற் பணிஸும் வாங்கி 40 ஹொட் டோக்குகளைச் செய்யவேண்டும். நாலு பேர் கொண்ட குடும்பத்தில் ஆளுக்குப் பத்து!

இதைக் கேள்விப்பட்ட எவருக்கும் முதலில் வரக்கூடிய சந்தேகம், இது மக்களைக் கூடுதலாக வாங்கவைப்பதற்குக் கொம்பனிகள் செய்த சூழ்ச்சி என்பதுதான். 1991 ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஃபாதர் ஒஃப் த பிரைட்' என்ற ஹொலிவூட் திரைப்படம் அந்தச் சந்தேகத்துக்கு ஒரு முகத்தைக் கொடுத்தது. மகளின் திருமணச் செலவுகளால் நிலைகுலைந்துபோன தந்தையாக வரும் ஸ்டீவ் மார்ட்டின் சுப்பர் மார்க்கட்டில் பணிஸ் பக்கற்றுகளைக் கிழித்து, தனக்குத் தேவையில்லாத பணிஸ்களை வெளியே எடுத்துப் போடுவார். இறுதியில் பொலிஸ் காவலுக்குப் போகவேண்டிவரும். அந்தப் படத்தில் சொசேஜ் 8, பணிஸ் 12. நாம் பேசிக்கொண்டிருக்கும் கணக்குக்கு நேர்மாறானது. ஆனால், அந்தத் தந்தையின் ஆத்திரம் அமெரிக்கர்களுக்கு நன்றாகவே விளங்கியது.

ஆத்திரம் நியாயமானது. ஆனால், சூழ்ச்சி என்ற விளக்கம் பொருத்தமானதல்ல. சூழ்ச்சியென்றால் அதில் இலாபம் பெறுபவர் ஒருவர் இருக்கவேண்டும். இரண்டு சொசேஜுக்காக இன்னொரு பக்கற் பணிஸ் வாங்கினால் இலாபம் பாண் கொம்பனிக்கு. இறைச்சிக் கொம்பனிக்கு அதில் ஒரு சதமும் இல்லை. உண்மையில், அநேகமான வீடுகளில் அந்த இரண்டாவது பக்கற் வாங்கப்படுவதேயில்லை. எஞ்சிய இரு சொசேஜையும் நறுக்கி முட்டையுடன் பொரித்துவிடுகிறார்கள். இரு தொழில்துறைகள், நூற்றுக்கணக்கான கொம்பனிகள், இத்தனை வருடங்களாக ஒரு இரகசியத்தைப் பாதுகாத்து இவ்வளவு சொற்ப பயனைப் பெறுகின்றன என்று நம்புவது கடினம். இரகசியங்கள் அவ்வளவு காலத்துக்கு நிலைப்பதில்லை என்பதைப் பத்திரிகைக் கந்தோர்களில் காலம் கழித்தவர்கள் அறிவார்கள்.

காரணம் இரு தொழில்களினதும் பிறப்பில் இருக்கிறது. இறைச்சி விற்பவர் எந்தக் காலத்திலும் நிறுத்தே விற்பவர். ஜேர்மன் குடியேற்றவாசிகள் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த சொசேஜ் இறைச்சிக்கடைகளில் கோவையாகத் தொங்கியது. வாடிக்கையாளர் கேட்ட எடைக்குக் கடைக்காரர் அதை வெட்டிக் கொடுத்தார். 1920 களில் சிகாகோவில் செலுலோசினால் செய்த உறை பாவனைக்கு வந்த பிறகு, ஒரே நீளமும் ஒரே பருமனும் கொண்ட, தோலில்லாத சொசேஜ்களை இயந்திரத்தில் செய்வது சாத்தியமாயிற்று. 1940 களில் அவற்றை அருகருகே அடுக்கி மூடிய பக்கற்றுகளில் விற்கத் தொடங்கினார்கள். பக்கற்றின் அளவு என்ன? இறைச்சிக்காரருக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. ஓர் இறாத்தல். இறாத்தலுக்கு 16 அவுன்ஸ். சொசேஜ் ஒன்று 1.6 அவுன்ஸ் என்றால் பத்து வரும். ஐந்தைந்தாக இரு அடுக்கு. பத்து என்ற எண் ஓர் இறாத்தலை நிரப்பியபோது கிடைத்த விடையே தவிர, எவரும் விருந்தாளிகளைக் கணக்கிட்டுத் தெரிவு செய்த எண் அல்ல.

இறாத்தலின் பிடிவாதத்தைப் பற்றி இலங்கையருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. மெட்ரிக் முறைக்கு மாறிப் பல தசாப்தங்கள் கடந்தபின்னரும் நாம் கடையில் கேட்பது ஓர் இறாத்தல் பாணைத்தான். 2024 பெப்ரவரியில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வர்த்தமானி மூலம் ஒரு பாணின் எடை 450 கிராமாக இருக்கவேண்டும் என்று விதித்தது. அந்த 450 எங்கிருந்து வந்தது? ஓர் இறாத்தல் ஏறத்தாழ 454 கிராம். அளவையை மாற்றினோம், பாணின் உருவத்தை மாற்றவில்லை.

இனி வெதுப்பகத்துக்கு வருவோம். பணிஸ் நிறுத்து விற்கப்படுவதில்லை, எண்ணி விற்கப்படுகிறது. அந்த எண்ணிக்கையைத் தீர்மானிப்பது தட்டு. ஹொட் டோக் பணிஸ்களை வேகவைக்கும் உலோகத் தட்டுகளில் மாவுத் துண்டுகளை நெருக்கமாக வைப்பார்கள். அவை பொங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அவற்றின் பக்கங்கள் மென்மையாக இருக்கின்றன. நாலு நாலாக ஒட்டிக்கொண்டு வெளிவரும் பணிஸ்களை இரு தொகுதியாகச் சேர்த்தால் எட்டு. 10, 12 பணிஸ்களை வேகவைக்கக்கூடிய தட்டுகள் பிற்காலத்தில் வந்துவிட்டன என்பதையும், ஆனால் எட்டுக்கான தட்டே இன்னமும் செல்வாக்குடன் இருக்கிறது என்பதையும் அமெரிக்காவின் தேசிய ஹொட் டோக் மற்றும் சொசேஜ் பேரவையே கூறுகிறது. அது இறைச்சி உற்பத்தியாளர்களின் அமைப்பு என்பதால் பழியை வெதுப்பகத்தின் வாசலில் போடுவதில் அதற்கு வருத்தம் இருக்கமுடியாது!

தட்டை மாற்றினால் போகிறது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஒரு பெரிய வெதுப்பகத்தில் தட்டு தனியாக இருப்பதில்லை. தட்டின் அகலத்துக்கு ஏற்பவே மாவை வெட்டிப் போடும் இயந்திரம், கன்வேயர், அடுப்பு, வெந்ததைத் தட்டிலிருந்து தூக்கும் கருவி, பிளக்கும் கத்தி, பையில் இடும் இயந்திரம், பைகளைக் கொண்டுசெல்லும் பிளாஸ்டிக் தட்டம் எல்லாமே அமைந்திருக்கின்றன. ஒன்றை மாற்றினால் எல்லாவற்றையும் திருத்தவேண்டும். அந்தச் செலவு முழுவதையும் பாண் கொம்பனி ஏற்க, அதன் பயனில் பாதி இறைச்சிக் கொம்பனிக்குப் போய்ச்சேரும்.

இறைச்சிக் கொம்பனி இறங்கிவந்தால் என்ன? அதற்கு இரு வழிகள். 8 சொசேஜ்களைக் கொண்டே ஓர் இறாத்தலை நிரப்பலாம். அப்போது ஒவ்வொன்றும் 2 அவுன்ஸாகத் தடித்துவிடும் அல்லது நீண்டுவிடும். அல்லது 1.6 அவுன்ஸ் சொசேஜ்கள் எட்டை மாத்திரம் வைத்து 12.8 அவுன்ஸ் பக்கற்றை விற்கலாம். இரண்டாவது வழியில் சென்றால், விலையைக் குறைக்காமல் அளவைக் குறைத்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டை அதே வாடிக்கையாளரிடமிருந்து கேட்கவேண்டிவரும். முதலாவது வழியைப் பல கொம்பனிகள் ஏற்கெனவே பின்பற்றி, பணிஸின் நீளத்துக்குச் சமமான சொசேஜ்களை எட்டெட்டாக விற்கின்றன. இதனால் ஒரு விசித்திரமான நிலை தோன்றியிருக்கிறது. நாளை ஒரு வெதுப்பகம் பெருந்தொகையைச் செலவிட்டுப் பத்துக்கு மாறினால், எட்டுக்கு மாறிவிட்ட சொசேஜ்களுடன் அது பொருந்தாமல் போய்விடும். ஒருவர் மற்றவரைத் தேடி வீட்டைவிட்டுப் புறப்பட, இருவரும் வழியில் ஒருவரையொருவர் தவறவிடுவதைப் போன்றது இது.

அரசாங்கம் தலையிட்டிருக்கலாம்தானே? வாஷிங்டனில் அப்படி ஒரு முயற்சி நடக்கவில்லை என்று கூறமுடியாது. மிச்சிகன் மாநில செனட்டர் பிலிப் ஹார்ட் பல வருடங்கள் போராடியதன் விளைவாக 1966 ஆம் ஆண்டில் பொதியிடல், விபரச்சீட்டு தொடர்பான சட்டம் நிறைவேறியது. பக்கற்றில் எவ்வளவு இருக்கிறது என்பதைத் தெளிவாக எழுதவேண்டும் என்று அது கட்டாயப்படுத்தியது. ஆனால், எவ்வளவு இருக்கவேண்டும் என்பதைக் கட்டாயப்படுத்தவில்லை. அளவுகள் கண்டபடி பெருகினால் உற்பத்தியாளர்கள் தாமாக முன்வந்து ஒரு நியமத்துக்கு உடன்படுமாறு கேட்கலாம் என்பதுடன் நின்றுகொண்டது. இதில் இன்னொரு வேடிக்கை, அந்தச் சட்டத்தின் வரைவிலக்கணத்துக்குள் பாண் வருகிறது, இறைச்சி வராது. அமெரிக்காவில் சொசேஜ் விவசாயத் திணைக்களத்தின் பொறுப்பு. பணிஸ் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் பொறுப்பு. தட்டில் ஒன்றாக வரும் இரண்டும் அரசாங்கத்தின் கண்ணில் இரு வேறு உலகங்கள்.

இந்த வெற்றிடத்துக்குள் இறைச்சிக்காரரும் அல்லாத வெதுப்பகத்தாரும் அல்லாத மூன்றாமவர் ஒருவர் நுழைந்தார். 2021 ஆம் ஆண்டு கோடையில் கனடாவின் ஹெயின்ஸ் கெச்சப் கொம்பனி, சொசேஜும் பணிஸும் சம எண்ணிக்கையில் விற்கப்படவேண்டும் என்று இணையத்தில் மனு ஒன்றை ஆரம்பித்துக் கையொப்பம் திரட்டியது. ஒரு தட்டையோ இயந்திரத்தையோ மாற்றவேண்டிய தேவை ஹெயின்ஸுக்கு இல்லை. மற்றவரின் செலவில் நீதி கேட்பதைப் போன்ற இலாபகரமான காரியம் வேறெதுவும் கிடையாது. பல பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் இதைச் செய்தியாக வெளியிட்டன. விளம்பரப் பக்கத்துக்கு உரிய கட்டணம் செலுத்திப் பெறவேண்டிய இடம் செய்திப் பக்கத்தில் இலவசமாகக் கிடைத்தது. ஆசிரியபீடங்களில் இருப்பவர்கள் இதைப்பற்றிச் சற்று யோசித்திருக்கவேண்டும் என்பது எனது அபிப்பிராயம். ஆனாலும், மனு முற்றிலும் வீண்போனது என்று கூறமுடியாது. அடுத்த வருடம் வொண்டர் பாண் கொம்பனி கனடாவில் 10 பணிஸ்கள் கொண்ட பக்கற்றை அறிமுகம் செய்தது.

என்னைப் பொறுத்தவரை, பத்துக்குப் பத்து அல்லது எட்டுக்கு எட்டு என்பது சரியான கோரிக்கை அல்ல. விருந்து வைப்பவர்களுக்கு மாத்திரமே அது தீர்வு. சொசேஜ் பத்தும் பணிஸ் பத்தும் கச்சிதமாகப் பொருந்தினாலும், தனித்து வாழும் ஒரு முதியவருக்கு அதில் எட்டு மேலதிகமானது. எஞ்சிய பணிஸை குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் வெளியில் இருப்பதைவிடவும் விரைவில் வரண்டுவிடும். உறையவைக்கும் தட்டில் வைத்தால் தப்பும். அங்கே இடமில்லாத வீடுகளில் அது குப்பைக்கூடைக்குப் போகிறது. அமெரிக்க விளையாட்டு மைதானங்களில் ஹொட் டோக் விற்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. அவர்கள் பெருந்தொகையாக வாங்குவதால் மிச்சம் ஒரு பொருட்டல்ல. குறைவாக வாங்குபவரே மிச்சத்தின் விலையைச் செலுத்துகிறார்.

எண்ணிக்கை சமமாவதைவிட சிறிதாவதே தேவை. வெதுப்பகத்தின் இயல்பான அலகு நாலு. எட்டைப் பையில் இடும் அதே இயந்திரத் தொகுதியில் நாலு கொண்ட சிறு பக்கற்றைத் தயாரிப்பதற்குத் தட்டையோ அடுப்பையோ மாற்றவேண்டியதில்லை. பத்து சொசேஜ் வாங்கியவர் ஒரு எட்டும் ஒரு நாலும் வாங்கினால் மிஞ்சுவது இரண்டே பணிஸ், ஆறு அல்ல. பொதியிடும் செலவு சற்று அதிகரிக்கும் என்பது உண்மையே. அதைவிடவும் நல்லது பொதியே இல்லாமல் விற்பது. இலங்கையின் சிறு வெதுப்பகங்களில் பணிஸ் இன்றும் ஒவ்வொன்றாகவே விற்கப்படுகிறது. இசையை ஒலிக்கவிட்டபடி தெருத்தெருவாக வரும் சூன் பாண் முச்சக்கரவண்டியை மறித்து மூன்று பணிஸ் கேட்டால் மூன்றுதான் கிடைக்கும். எட்டு வாங்கினால் மாத்திரமே தருவேன் என்று அந்த வியாபாரி கூறுவதில்லை. அமெரிக்க இறைச்சிக்கடையிலும் ஒரு காலத்தில் வாடிக்கையாளர் கேட்ட அளவில்தான் சொசேஜ் வெட்டிக் கொடுக்கப்பட்டது. பக்கற் வந்தபோது சுத்தமும் வசதியும் வந்தன. எத்தனை வேண்டும் என்று சொல்லும் உரிமை வாங்குபவரின் கையிலிருந்து நழுவிப்போனது.

இப்போது அமெரிக்காவில் எட்டு சொசேஜ் பக்கற்றுகள் பெருகிவருவதால் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிடும் என்று கூறுபவர்கள் இருக்கிறார்கள். அத்தகைய பக்கற் ஒன்றைக் கையில் எடுப்பவர்கள் அதன் மூலையில் அச்சிடப்பட்டிருக்கும் எடையையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளவேண்டும். 1966 சட்டத்துக்குள் வராத இறைச்சிப் பொருட்களுக்கும் எடையைக் குறிப்பிடவேண்டும் என்று விவசாயத் திணைக்களத்தின் விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. அவற்றில் பல 16 அவுன்ஸ் அல்ல. சில 15, சில 14, இன்னும் சில 12.