தூண்டிலுக்கு டேமேஜ் எதுக்கு?

கேமுக்கு மாட் எழுதுற யாரையாவது பிடித்து, "புதுசா என்ன ஆயுதம் சேர்த்திருக்கே?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒருத்தராவது தூண்டில் என்பார். உடனே நம்ம வாயிலிருந்து வருகிற அடுத்த கேள்வி, "டேமேஜ் எவ்ளோ?" அவரும் சளைக்காமல் பதில் சொல்வார்: மரத்தூண்டிலுக்கு 4, இரும்புத் தூண்டிலுக்கு 7, நெருப்புத் தூண்டிலுக்கு 12. முடிந்தது கதை. அது வாள். என்ன, கொஞ்சம் நீளமான வாள்.

என் கட்சி இதுதான்: தூண்டிலை ஆயுதமாக்கணும்னா அதன் டேமேஜ் 0 ஆகத்தான் இருக்கணும். அந்தச் சுழியத்தில்தான் அதன் மொத்த பலமும் இருக்கிறது. இதை விளக்க மைன்கிராஃப்ட், சிலப்பதிகாரம், மரக்காணம் உப்பளம் மூன்றையும் ஒரே கட்டுரைக்குள் இழுக்கப் போறேன். கொஞ்சம் பொறுமையா வாங்க.

கோடுக்குள்ள என்ன நடக்குது?

மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் ஒரு தூண்டில் செய்ய 3 குச்சி, 2 நூல் போதும். வைர வாளுக்கு 2 வைரம், 1 குச்சி. நூல் சிலந்தியை அடித்தால் கிடைத்துவிடும். வைரத்துக்குச் சுரங்கம் தோண்டணும். அதாவது ஆட்டம் தொடங்கின கொஞ்ச நேரத்தில் யார் கையிலும் இருக்கக்கூடிய பொருள் தூண்டில்.

மவுஸைத் தட்டினதும் ஒரு தக்கை பிறக்கிறது. அதுவும் ஒரு தனி எறிபொருள்தான், அம்பு மாதிரி. சர்வர் அதன் இடத்தை நொடிக்கு 20 தடவை கணக்குப் போடுகிறது: ஈர்ப்பு கொஞ்சம், காற்றுத் தடை கொஞ்சம். அந்தத் தக்கைக்கு மூன்றே நிலைகள். பறக்கிறது, எதிலோ மாட்டியிருக்கிறது, இல்லாட்டி தண்ணீரில் மிதக்கிறது. வீசினவருக்கும் தக்கைக்கும் நடுவில் 32 ப்ளாக் தாண்டினால் தக்கை மறைந்துவிடும். கையில் இருக்கும் தூண்டிலை மாற்றி வேறு பொருளை எடுத்தாலும் அப்படியே.

தக்கை ஓர் ஆட்டின் மேலோ ஆளின் மேலோ மாட்டியிருக்கும்போது இழுத்தால் என்ன ஆகும்? இங்கேதான் அழகு. தக்கையிலிருந்து உங்களை நோக்கி ஒரு வெக்டர் எடுத்து, அதை 0.1 ஆல் பெருக்கி, மாட்டினவரின் வேகத்தோடு கூட்டிவிடுகிறது கோடு. அவ்ளோதான். அஞ்சு ப்ளாக் தள்ளி நிற்பவருக்கு ஒரு சின்ன வெட்டு. இருபது ப்ளாக் தள்ளி நிற்பவருக்கு அதைப்போல நாலு மடங்கு. தூரத்துக்கு நேர்விகிதமாக இழுப்பு. முதல் செமஸ்டரில் படிச்ச ஸ்பிரிங் ஞாபகம் வருதா? ஹூக்கின் விதி, இங்கே ஹூக்கிலேயே இருக்கு.

இன்னொரு கணக்கும் உண்டு. தூண்டிலின் ஆயுள் 64. மீன் பிடித்தால் அதில் 1 குறையும். உயிருள்ள எதையாவது இழுத்தால் 5 குறையும். அப்படியே இழுத்துக்கொண்டே போனால் 13ஆவது இழுப்பில் தூண்டில் உடைந்துவிடும். "இது மீனுக்குச் செய்தது, ஆளுக்கு வேணும்னா கூலி அதிகம்" என்று விளையாட்டே சொல்கிற மாதிரி இருக்கு. நல்ல வடிவமைப்பு என்றால் இதைத்தான் சொல்வேன்.

சுழியம் என்றால் ஒன்றுமில்லையா?

1.8 பதிப்புக் காலத்து சண்டை சர்வர்களில் தூண்டிலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தக்கை எதிராளி மேல் பட்டாலே போதும், இழுக்கக்கூட வேண்டாம். அதை 0 டேமேஜ் உள்ள ஓர் அடியாக விளையாட்டு எடுத்துக்கொள்ளும். உயிர் குறையாது, ஆனால் ஆள் பின்னால் தள்ளப்படுவார். பாய்ந்து வந்துகொண்டிருந்தவரின் ஓட்டம் தடுமாறும். அந்த இடைவெளியில் வாளுக்கு மாறி அடி வைக்கலாம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கு. ஒருவர் அடி வாங்கினதும் அடுத்த அரை நொடிக்கு, அதாவது 10 டிக்குக்கு, அவருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. அந்த நேரத்தில் வரும் இரண்டாவது அடி முதல் அடியைவிடப் பெரிதாக இருந்தால், வித்தியாசம் மட்டும் கழிக்கப்படும். முதல் அடி 0 என்றால்? வித்தியாசம் என்பது முழு வாள் அடியேதான். ஆக தூண்டில் எதிராளியைத் தடுமாற வைத்தது, ஆனால் வாளின் பங்கில் ஒரு புள்ளியைக்கூடத் தின்னவில்லை. இப்போ அந்தத் தூண்டிலுக்கு ஆசைப்பட்டு 4 டேமேஜ் கொடுத்துப் பாருங்க. அடுத்த வாள் அடியிலிருந்து அந்த 4 கழிந்துவிடும். நீங்க தூண்டிலைப் பலமாக்கினதா நினைச்சீங்க, கூட்டணியைக் கெடுத்திருக்கீங்க.

2016 பிப்ரவரி 29 அன்று 1.9 வந்தது. வாளுக்குக் காத்திருப்பு நேரம் வந்தது, கேடயம் வந்தது, தூண்டில் பட்டால் ஆள் தள்ளப்படுவது போனது. விளையாட்டு நிறுவனத்தின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. மவுஸை வேகமாகத் தட்டத் தெரிந்தவனே ஜெயிக்கிறான் என்ற குறையைச் சரிசெய்யப் பார்த்தார்கள். ஆனால் வருஷக்கணக்காக விரலில் ஏறியிருந்த ஒரு வித்தை ஒரே அப்டேட்டில் செல்லாக்காசு ஆனது. பல சண்டை சர்வர்கள் 1.8 ஐ விட்டு நகரவே மறுத்தன. ஓல்ட் காம்பாட் மெக்கானிக்ஸ் என்று ஒரு ப்ளக்-இன் வந்தது. பழைய சண்டை முறையைத் துண்டு துண்டாகத் திருப்பித் தருகிறது அது. அதில் ஒரு துண்டு, தூண்டிலின் பழைய தள்ளல்.

யோசிச்சுப் பாருங்க. 0 டேமேஜ் உள்ள ஓர் அடியைத் திரும்பக் கொண்டுவர, முன்பின் தெரியாதவர்கள் சம்பளமில்லாமல் உட்கார்ந்து கோடு எழுதியிருக்கிறார்கள். ஒன்றுமில்லாத விஷயத்துக்கு யாராவது இவ்வளவு மெனக்கெடுவார்களா?

இது புது ஐடியா இல்லை

தூண்டிலை ஆயுதமாக்கினது ஏதோ கேம் உலகத்து வேடிக்கை என்று நினைத்தால், சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்துக்குப் போகணும். அடைக்கலக் காதையில் மாதரி கண்ணகியைக் கூட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போகிறாள். அவர்கள் கடந்து போகும் மதுரைக் கோட்டை மதிலில் என்னென்ன பொறிகள் இருந்தன என்று இளங்கோ ஒரு நீண்ட பட்டியல் தருகிறார். தானே வளைந்து எய்யும் வில், கல் வீசும் கவண், கொதிக்கும் எண்ணெய் என்று போகிற அந்தப் பட்டியலில் தூண்டிலும் இருக்கிறது. அடியார்க்குநல்லார் உரையோடு உ.வே.சாமிநாதையர் 1892இல் அச்சில் கொண்டுவந்த நூல். நம்ம லைப்ரரியில் தமிழ் அலமாரி இருந்தால் அங்கே நிச்சயம் ஒரு பிரதி இருக்கும்.

பழைய உரை அந்தத் தூண்டிலுக்குத் தரும் விளக்கம் என்ன தெரியுமா? தூண்டில் வடிவத்தில் செய்து வைத்து, அகழியைத் தாண்டி வந்து மதிலைப் பற்றுகிறவர்களைக் கோத்து இழுக்கும் கருவி. வெட்டுகிற வேலை அதற்கு இல்லை. கோத்து இழுக்கிறது. மதிலில் பாதி ஏறினவனுக்கு அது போதும். மிச்சத்தை உயரமும் அகழியும் பார்த்துக்கொள்ளும். எண்ணெயும் கவணும் இருக்கிற பட்டியலில் அதற்கும் ஓர் இடம் கொடுத்தவர்கள், நம்மைவிடத் தெளிவாக யோசித்திருக்கிறார்கள்.

கிட்டத்தட்ட இதே தந்திரம் மத்தியதரைக் கடலிலும் உண்டு. கி.மு. 213-212இல் ரோமப் படை சிரக்யூஸ் நகரத்தை முற்றுகையிட்டபோது, ஆர்க்கிமிடீஸ் செய்த இரும்புக் கொக்கி மதிலிலிருந்து இறங்கி, கப்பலின் முன்பகுதியைப் பிடித்துத் தூக்கி விட்டுவிடும் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். கப்பலை உடைத்தது கொக்கி இல்லை, கடல்.

இந்த மூன்றிலும் ஒரே விதிதான். கொக்கி ஆளை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றுகிறது. அந்த இன்னோர் இடம் எது என்பதில்தான் டேமேஜ் இருக்கிறது. ஆகவே தூண்டில் மாட் எழுதுகிறவர் முதலில் வரைய வேண்டியது ஆயுதத்தை இல்லை, தரையை.

அந்தத் தரை நம்ம பக்கத்திலேயே இருக்கு

ஈசிஆரில் பஸ் ஏறி மரக்காணம் வழியாகப் போயிருக்கீங்களா? அங்கே உப்பளத்தைக் கவனிச்சிருக்கீங்களா? கண்ணுக்கெட்டின தூரம் வரை சதுரம் சதுரமாகப் பாத்தி. பாத்திக்கு நடுவே ஓர் ஆள் நடக்கிற அகலத்தில் வரப்பு. மேட்டில் குவித்து வைத்த வெள்ளை அம்பாரம். மேலே இருந்து பார்த்தால் யாரோ ப்ளாக் ப்ளாக்காக அடுக்கின மாதிரியே இருக்கும். மைன்கிராஃப்ட் வரைபடத்துக்கு இதைவிடப் பொருத்தமான நிலம் நான் பார்த்ததில்லை.

இப்போ அந்த வரப்பில் இரண்டு பேரை எதிரெதிரே நிற்க வையுங்க. சமதரையில் ஜோக்காக இருந்த 0 டேமேஜ் தூண்டில், ஒரு ப்ளாக் அகல வரப்பில் ஆட்டத்தையே முடிவு பண்ணும். நேராக இழுத்தால் எதிராளி உங்க மேலேயே வந்து விழுவார். பக்கத்து வரப்புக்குப் போய்க் கோணமாக இழுத்தால் பாத்திக்குள் போவார். அப்போ ஜெயிக்கிறது பொருள் அதிகம் வெச்சிருக்கிறவர் இல்லை, கோணம் தெரிஞ்சவர். 3 குச்சி, 2 நூல் வெச்சிருக்கிறவனும் வைர வாள் வெச்சிருக்கிறவனும் ஒரே வரப்பில் சமமா நிற்கலாம்.

பாத்திக்குள் விழுந்தவருக்கு என்ன ஆகணும்? இங்கே ஒரு மாடர் சுலபமா, "உப்புத் தண்ணி, நொடிக்கு 2 டேமேஜ்" என்று எழுதிவிடுவார். எனக்கு அதில் சம்மதம் இல்லை. அந்தப் பாத்தி எரிமலைக் குழம்பு கிடையாது, ஒருவருடைய வேலை. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதை வெயிலில் விட்டுப் பாத்தி பாத்தியாக மாற்றி, போமே அளவில் 25 டிகிரி வாக்கில் அடர்த்தி ஏறும்போதுதான் சோற்றுப்பு படிகமாகத் தொடங்கும். நடுவில் ஒரு மழை பெய்தால் அத்தனையும் கரைந்து போகும். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் அந்த வருஷத்து வேலை முடிந்தது. வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கும், உப்புநீரில் நின்று நின்று கால் வெடிக்கும். நம்ம கிளாஸில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் அந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம்.

அதனால் என் யோசனை: பாத்தியில் ஒருவர் விழுந்தால் அவருக்கு உயிர் குறைய வேண்டாம், பாத்தியில் விளைந்த உப்பு குறையட்டும். வயலில் குதித்தால் உழுத மண் வெறும் மண்ணாக மாறுகிற விதி மைன்கிராஃப்டில் ஏற்கெனவே இருக்கு. அதையே கொஞ்சம் மாற்றி எழுதினால் போதும். கடைசியில் யார் பக்கம் உப்பு மிச்சம் இருக்கோ அவங்களுக்கு வெற்றி. அப்போ தூண்டிலை வீசுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் யோசிக்கணும்: இவனை இழுத்தால் யாருடைய பாத்திக்குள் விழுவான்? சண்டைக்கு ஒரு விலை வந்துவிடும். உப்பளம் வெறும் பின்னணிப் படமாக இல்லாமல் விதியாகவே மாறிவிடும்.

"ஒரு கேமுக்குப் போய் இவ்வளவா?" என்று நீங்க கேட்கலாம். "இதெல்லாம் ப்ளேஸ்மென்ட்டுக்கு உதவுமா?" என்று ஒருத்தர் கட்டாயம் கேட்பார். எனக்குத் தெரிந்து, அடுத்தவர் எழுதின பெரிய கோடைத் திறந்து, அதில் எதைத் தொட்டால் எது உடையும் என்று கண்டுபிடிக்கிற பயிற்சி மாட் எழுதுவதில் கிடைக்கிற அளவுக்கு எந்த லேபிலும் கிடைப்பதில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அதைவிட முக்கியமானது.

இன்னும் சில வருஷத்தில் நாம எல்லாரும் ஏதோ ஒரு சாஃப்ட்வேரில் ஏதோ ஒரு விதியை மாற்றுகிற நாற்காலியில் உட்கார்ந்திருப்போம். பேங்க் ஆப், ரேஷன் மெஷின், படகுக்கு மானியம் தருகிற போர்ட்டல், எதுவாகவும் இருக்கலாம். அங்கேயும் 0 என்று ஒரு எண் கண்ணில் படும். "இதால ஒண்ணும் ஆகலையே, தூக்கிடலாம்" என்று கை பரபரக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதும், கழுவெளிக் கழிமுகத்தில் கைத்தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவரை நினைச்சுக்கோங்க. மொத்த மீன்வரத்துக் கணக்கில் அவர் பிடிப்பது கிட்டத்தட்ட 0 தான். அவர் வீட்டு அடுப்பில் அது 0 இல்லை.

அதனால் மாட் எழுதத் தொடங்கும்போது முதல் விதியாக இதை வெச்சுக்கோங்க: ஓர் எண்ணை மாற்றுவதற்கு முன், அந்த எண்ணை நம்பி யார் என்ன கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் தரையை வரையுங்கள். தூண்டில் கடைசியில் வரட்டும், டேமேஜ் 0 ஆகவே இருக்கட்டும்.

வரப்பு வரையத் தெரிந்தவர்கள், ஜாவா தெரிந்தவர்கள், உப்பளம் தெரிந்தவர்கள் மூன்று பேர் சேர்ந்தால் ஒரு செமஸ்டர் லீவில் முடிகிற வேலைதான் இது. மூன்றாமவரைத்தான் முதலில் தேடணும்.