கடலும் கண்புரையும்

சேலத்துக்காரனுக்குக் கடல் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. பிறந்து வளர்ந்தது செவ்வாய்ப்பேட்டை. சின்ன வயதில் நான் பார்த்த பெரிய தண்ணீர் மேட்டூர் அணைதான். ஆனாலும் ரிட்டயர் ஆனபின் ஆயில் பெயின்டிங் பழக ஆரம்பித்தபோது மனம் கடற்கரைக்குத்தான் போனது.

இப்போது பலர் மொபைலில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு கடலை வரைகிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. உறவுக்காரப் பையன் ஒருவன் 'மெரினாவில் அஸ்தமனம்' என்று வரைந்து கொண்டுவந்தான். சூரியன் கடலுக்குள் இறங்குகிறது! "தம்பி, மெரினாவில் சூரியன் கடலில் உதிக்கும். மறைவது நம் முதுகுக்குப் பின்னால், ஊர்ப் பக்கம்" என்றேன். "நெட்ல அப்படித்தான் இருந்துச்சு பெரியப்பா" என்றான்.

இம்ப்ரெஷனிசம் என்று பெயர் வரக் காரணமே கடலோரப் படம்தான். கிளாட் மோனே 1872ல் லெ ஹாவ்ர் துறைமுகத்தின் சூரியோதயத்தை வரைந்தார். 1874ல் பாரிஸில் அதைக் காட்சிக்கு வைத்தபோது, தலைப்பில் இருந்த 'இம்ப்ரெஷன்' என்ற சொல்லை ஒரு பத்திரிகைக்காரர் கேலி செய்தார். கேலியே பெயராகிவிட்டது. அவர் 1870ல் துருவில் கடற்கரையில் வரைந்த படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதன் பெயின்டில் இன்றும் மணல் ஒட்டியிருக்கிறது. கடற்கரையிலேயே உட்கார்ந்து வரைந்ததற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நான் தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டைக்கு எதிரே உட்கார்ந்து வரைந்தேன். விடிகாலையில் பத்து நிமிடத்துக்கு ஒரு நிறம். ஆயில் பெயின்ட் சீக்கிரம் காயாது, ஒன்றின் மேல் ஒன்று போட்டுத் தேய்த்தால் சேறாகிவிடும். அதனால்தான் பிரஷ்ஷைத் தனித்தனியாக வைத்து எடுப்பது. எங்கள் தெருக் கொலுசுப் பட்டறைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மெருகு போட்ட வெள்ளியில் வெள்ளை எங்கே இருக்கிறது? பட்டறையின் கறுப்பு, ஜன்னல் வெளிச்சம், பார்க்கிறவன் சட்டை, இவைதான் தெரியும். வெறும் வெள்ளை அடித்தால் சுண்ணாம்பு. கடலுக்கு வெறும் நீலம் அடித்தாலும் அதே கதிதான்.

இவ்வளவு பேசிய எனக்கும் ஓர் அடி விழுந்தது. போன வருடம் வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்து, ஹாலில் மாட்டியிருந்த என் தரங்கம்பாடியைப் பார்த்தேன். கடல் முழுக்க டீ டிகாக்ஷன்! புரை விழுந்த லென்ஸ் மஞ்சளாகி நீல வெளிச்சத்தைத் தடுத்துவிடுமாம். நீலமும் பச்சையும் சாம்பலும் எனக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கின்றன, அப்படியே குழைத்திருக்கிறேன். வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் படம் சரியாகத்தான் இருக்கிறது. "சாக்கடை மாதிரி இருக்குன்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள் வீட்டுக்காரி.

நேரில் பார்த்து வரை என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் பார்த்த லட்சணம் இது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மோனேக்கும் கண்புரைதான். 1923ல் வலது கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்டார். அதன்பின் பழைய படங்கள் சிலவற்றைத் திருத்தினார், சிலவற்றை அழித்தே விட்டார். எனக்கும் கை துறுதுறுத்தது. கோபால்ட் நீல டியூபைத் திறந்தும்விட்டேன்.

மூடி வைத்துவிட்டேன். அந்தக் காலையில் எனக்குத் தெரிந்த கடல் அதுதான். தப்பாகத் தெரிந்தது, ஆனால் எனக்குத் தெரிந்தது. இப்போது பார்த்த கண்ணைக் கொண்டு அதைத் திருத்தினால் அதுவும் ஒரு காப்பிதான். பையனின் அஸ்தமனத்துக்கும் என் டிகாக்ஷன் கடலுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவே என்றாலும், அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

மாசியில் மறுபடி தரங்கம்பாடி போகிறேன். புதுக் கண்ணுக்குப் புது கேன்வாஸ். பையனும் வருகிறான். விடிகாலை ஐந்து மணிக்கு எழுப்புவேன் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.