மோட்சப் பிரயாணத்தையும் கொளுத்துவீங்களா?

மக்களே, இது கொஞ்சம் சூடான பதிவு. உள்வீட்டுச் சண்டைதான், ஆனா மத்தவங்களும் படிக்கலாம், தப்பில்ல :-)

போன மே மாசம் கீரப்பாளையத்துல தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அவ பையன் ஏழாவது படிக்கிறான். எப்பவும் கையில ஏதாவது புத்தகம் இருக்கும், அன்னிக்கு இல்ல. ராத்திரி மொட்டை மாடியில படுத்திருக்கும்போது மெதுவா கேட்டான்: "மாமா, ஹாரி பாட்டர் படிச்சா பிசாசு பிடிக்குமா?"

விஷயம் இதுதான். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வந்த ஒருத்தர், மந்திரக் கதைப் புத்தகம் வச்சிருக்கிற பசங்க எல்லாரையும் கொண்டுவரச் சொல்லி, அவங்க கண்ணு முன்னாடியே கொளுத்திட்டாராம். நான் சிதம்பரத்துல வாங்கிக் குடுத்த புத்தகமும் அதுல போச்சு. போனா போகட்டும். ஆனா அன்னியிலேர்ந்து லைட்டை அணைச்சா புள்ள தூங்க மாட்டேங்கிறான். எனக்கு ஆத்திரமே அதுலதான்.

இவங்க எடுத்துக் காட்டுற வசனம் அப்போஸ்தலர் 19. எபேசு பட்டணத்துல 50,000 வெள்ளிக்காசு பெறுமான புத்தகங்களை எரிச்சாங்களே, அது. சரி, யார் எரிச்சது? மாயவித்தையைத் தொழிலா செஞ்சவங்க, மனம் திரும்பி, தங்களோட சொந்தப் புத்தகங்களைத் தாங்களே கொண்டுவந்து எரிச்சாங்க. அது தொழில் புத்தகம், கதைப் புத்தகம் இல்ல. அடுத்தவன் வீட்டுப் புள்ளையோட புத்தகத்தைப் பிடுங்கி எரிக்கச் சொல்லி அங்க எங்கேயும் இல்லையே!

உபாகமம் 18 குறி சொல்றதையும் சூனியம் வைக்கிறதையும் தடை பண்ணுது. செய்யாதேன்னுதான் சொல்லுது. தானியேல் பாபிலோன்ல கல்தேயரோட எழுத்தைப் படிச்சார், அந்த ஊர் சாஸ்திரிகளுக்கே தலைவரா இருந்தார். அதனால அவர் விசுவாசம் கெட்டுப் போச்சா? நியாயாதிபதிகள் 9-ல யோதாம், மரமெல்லாம் கூடி ராஜாவைத் தேடுற கதை சொல்றான். மரம் பேசுமா சார்?

இன்னொண்ணு. நம்ம வீடுகள்ல பைபிளுக்குப் பக்கத்துலயே இருக்கிற மோட்சப் பிரயாணம் என்ன கதை? மீன் செதிலும் டிராகன் சிறகும் உள்ள அப்பொல்லியோன் வயித்துலேர்ந்து நெருப்பும் புகையும் விடுவான். ஒரு ராட்சசன் ஆளைப் பிடிச்சுக் கோட்டைக்குள்ள அடைப்பான். காலடி வச்சா தூக்கம் வர்ற மாயபூமி வேற. 1678-ல ஜான் பனியன் அதை வெளியிடும்போது அச்சிடாதேன்னு சொன்னவங்களும் இருந்தாங்க, முன்னுரையில அவரே எழுதியிருக்கார். கேட்டிருந்தா, எச். ஏ. கிருஷ்ண பிள்ளையோட இரட்சணிய யாத்திரிகம் (1894) நமக்குக் கிடைச்சிருக்காது.

"அது ஆவிக்குரிய கதை, இது வேற"ம்பாங்க. அப்போ மந்திரம் பிரச்சினை இல்ல, கதை எதைச் சொல்லுதுங்கறதுதான் பிரச்சினைன்னு ஒத்துக்கிட்டீங்க. நல்லது, உக்காந்து படிச்சுட்டுப் பேசுவோம். படிக்காமலே கொளுத்தினா என்ன ஆகும்? 2019-ல போலந்துல ஒரு பாதிரியார் ஹாரி பாட்டரோட ஹலோ கிட்டி குடையையும் சேர்த்து எரிச்சுட்டு, அப்புறம் மன்னிப்புக் கேட்டார்!

நிஜமான மாயவித்தை எங்கே இருக்கு தெரியுமா? சமாரியா சீமோன் காசு குடுத்துப் பரிசுத்த ஆவியோட வல்லமையை வாங்கப் பார்த்தானே, அங்கே. ஜெப எண்ணெயை நிலைவாசல்ல தடவினா கடன் தீரும்னு நம்புறோம். புத்தாண்டு ராத்திரி வாக்குத்தத்த அட்டையைக் கிளி சீட்டு எடுக்கிற மாதிரி எடுத்து, பிடிக்கலைன்னா மாத்திக்கிறோம். இதையெல்லாம் எந்த மேடையிலயும் யாரும் கொளுத்தச் சொல்லல.

ஒண்ணு ஒத்துக்கிறேன். செய்வினை, பில்லி சூனியத்துல நிஜமாவே அடிபட்டு வந்த குடும்பங்கள் உண்டு. அவங்களுக்கு இந்தக் கதைகள் உறுத்தினா படிக்க வேண்டாம், வற்புறுத்துறதும் தப்பு. ஆனா ஒருத்தர் மனசாட்சியை ஊருக்கே சட்டமாக்காதீங்க.

மறுநாள் சிதம்பரம் போய் அதே புத்தகத்தைத் திரும்ப வாங்கினேன். கூடவே மோட்சப் பிரயாணமும். பையன் அதைத்தான் முதல்ல எடுத்தான். சாயங்காலம் ஓடி வந்து, "மாமா, இதுல அதைவிட பயங்கரமா சண்டை இருக்கு!"ன்னான்.

அன்னிக்கு ராத்திரி லைட்டை அவனே அணைச்சான்.

டிஸ்கி: திட்டுறவங்க தாராளமா திட்டலாம். அந்த ரெண்டு புத்தகத்தையும் படிச்சுட்டு வந்து திட்டுங்க, அவ்ளோதான்.