செய்தி அனுப்பியாயிற்று, தாயைச் சேர்ந்ததா?

சில மாதங்களுக்கு முன், பிறந்து 5 நாளான குழந்தை ஒன்றை விடியற்காலையில் எங்கள் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தனர். முந்தைய இரவு 10 மணிக்கே தாய் குழந்தையைப் படம் எடுத்து, பிரசவ வார்டில் பழகிய செவிலியர் ஒருவரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பியிருந்தார். "சிஸ்டர், குழந்தை மஞ்சளாகத் தெரிகிறதா? சாயங்காலத்திலிருந்து சரியாகப் பால் குடிக்கவில்லை" என்று கேட்டிருந்தார். அன்று அச்செவிலியருக்கு விடுப்பு. காலை 5 மணிக்குத்தான் செய்தியைப் பார்த்தார். உடனே அழைத்து, குழந்தையைக் கொண்டுவரச் சொன்னார். காமாலையின் அளவு மிகுந்திருந்தது. நீல ஒளிச் சிகிச்சைக்குப் பின் குழந்தை நலமாக வீடு திரும்பியது. ஆயினும் 7 மணி நேரம் வீணாகிவிட்டது. அத்தாயின்மீது பிழையில்லை. இரவில் ஐயம் எழுந்தால் யாரை அழைப்பது என்பதை நாங்கள் அவருக்குத் தெளிவாகச் சொல்லி அனுப்பவில்லை.

கைபேசிச் செய்திகளை நாங்கள் வரவேற்கிறோம். பிரசவம் முடிந்து இரண்டு மூன்று நாள்களில் வீடு திரும்பும் தாய்க்குச் சொல்ல வேண்டியவை ஏராளம். அந்தக் களைப்பில் அவர் நினைவில் நிற்பவை சில. அந்தந்த வாரத்துக்குரிய அறிவுரை அந்தந்த வாரத்தில் வந்து சேர்வது பெரும் உதவி. ஆனால் செய்தியின் பணி, தாயையும் சேயையும் காலத்தில் மருத்துவ உதவியிடம் கொண்டு சேர்ப்பது. அவ்வுதவியின் இடத்தில் செய்தி தானே அமர்ந்துகொள்ளக் கூடாது.

இம்முயற்சி நம் நாட்டுக்குப் புதிதன்று. மத்திய அரசு 2016-இல் தொடங்கிய 'கில்காரி' திட்டம், கருவுற்ற நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை வாரம் ஒரு குரல் அழைப்பாக, மொத்தம் 72 செய்திகளை இலவசமாக வழங்குகிறது. எழுத்து வாசிக்க இயலாதவரும் கேட்டுப் பயன்பெறலாம். மத்தியப் பிரதேசத்தில் இத்திட்டம் குறித்து நடந்த பெரிய ஆய்வில், கருத்தடை முறைகளின் பயன்பாடு சற்று உயர்ந்தது; தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் வழக்கத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. இதில் எங்களுக்கு வியப்பில்லை. பால் கட்டிக்கொண்டு, காம்பு வெடித்து வலிக்கும் தாய்க்கு, "தாய்ப்பாலே சிறந்தது" என்னும் பதிவுக் குரல் போதாது. அருகில் அமர்ந்து குழந்தையை மார்பில் சரியாகப் பொருத்திக் காட்டும் ஒருவர் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 2014-இல் தொடங்கிய 'மாம்கனெக்ட்' திட்டத்தில் தாய்மார்கள் கேள்வி கேட்கவும் பதில் பெறவும் வழி வைத்தனர். செய்தி இருவழிப் பாதையாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்தும்.

அடுத்தது, எண் யாருடையது என்பது. முடிச்சூர், பெருங்களத்தூர், வரதராஜபுரம் பகுதிகளிலிருந்து எங்களிடம் வருவோரிடம் கைபேசி எண் கேட்டால், பெரும்பாலும் கணவரின் எண்ணையே தருகின்றனர். கணவர் ஒரகடத்திலோ மறைமலை நகரிலோ பணிநேரம் முடியும் வரை கைபேசியைத் தொட முடியாமல் இருக்கலாம். தாயோ பிரசவத்துக்குத் தாய்வீடு சென்று, திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ மூன்றாம் மாதம் வரை தங்கியிருப்பார். 6-ஆம் வாரத் தடுப்பூசிக்கான நினைவூட்டல் இங்கே கணவரின் கைபேசியில் கிடக்கும். குழந்தை அங்கே இருக்கும். ஆகவே பிக்மி பதிவின்போதும் மருத்துவமனைப் பதிவின்போதும் தாயின் சொந்த எண்ணையே கொடுங்கள். அவரிடம் கைபேசி இல்லையெனில், பிரசவத்துக்குப் பின் அவருடன் தங்கப்போகும் அம்மா அல்லது மாமியாரின் எண்ணைக் கொடுங்கள்.

வீட்டுப் பெரியவர்களும் இச்செய்திகளைக் கேட்பது நல்லது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும், சர்க்கரைத் தண்ணீரோ கழுதைப்பாலோ புகட்டுவதும் இன்றும் சில வீடுகளில் தொடர்கின்றன. அவற்றைத் தனியே எதிர்த்து நிற்கும் சுமையை 22 வயதுத் தாயின் தலையில் வைப்பது நியாயமன்று. மருத்துவமனையின் குரலை ஒலிபெருக்கியில் எல்லோரும் சேர்ந்து கேட்டால் அச்சுமை குறையும். குடும்பக் குழுவில் யாரோ அனுப்பும் கைவைத்தியச் செய்தியை நம்பிக் குழந்தைக்கு எதையும் புகட்டாதீர்கள். முதல் 6 மாதம் தாய்ப்பால் போதும், தண்ணீரும் வேண்டாம்.

செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்கக் கூடாத நிலைகள் உண்டு. குழந்தை பால் குடிக்க மறுத்தல், வலிப்பு, மூச்சு நிமிடத்துக்கு 60-க்கு மேல் போதல், மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்வாங்குதல், காய்ச்சல், உடல் சில்லிட்டுப்போதல், அசைவு குன்றுதல், முதல் நாளிலேயே மஞ்சள் நிறம் தோன்றுதல் அல்லது உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுதல் ஆகியவை அவை. தாய்க்கு ஒரு மணி நேரத்துக்குள் நாப்கின் முழுதும் நனையும் அளவு இரத்தப்போக்கு, கடுந்தலைவலி, பார்வை மங்கல், காய்ச்சல், மூச்சுத்திணறல், தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் ஆகியவையும் அத்தகையவை. இவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே புறப்படுங்கள். வாகனம் இல்லையெனில் 108-ஐ அழையுங்கள். மஞ்சளைப் படத்தில் கணிக்க இயலாது. குழல்விளக்கின் ஒளியும் கைபேசிக் கேமராவும் தோலின் நிறத்தை மாற்றிக் காட்டும். குழந்தையை நேரில் பார்க்கவும் இரத்தத்தைச் சோதிக்கவும் வேண்டும். அவசரமில்லாத ஐயங்களுக்கு அரசின் 104 சேவை உண்டு. மனச்சோர்வுக்கு 14416 என்னும் எண்ணில் 'டெலி மானஸ்' ஆலோசனை உண்டு.

2015 டிசம்பர் வெள்ளத்தை இப்பகுதி மறவாது. அடையாற்று நீர் முடிச்சூரின் தெருக்களில் புகுந்தபோது சாலையும் தொலைபேசியும் ஒருங்கே துண்டிக்கப்பட்டன. பிரசவத் தேதி மழைக்காலத்தில் வருமாயின், எங்கே தங்குவது, எந்த வழியே செல்வது என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அந்நாளில் கைபேசியை மட்டும் நம்பியிருக்க முடியாது.

மருத்துவமனைகளாகிய எங்கள் கடமையும் சிறிதன்று. ஊழியர்களின் சொந்த எண்களுக்குப் பதிலாக, இரவிலும் ஒருவர் எடுத்துப் பேசும் பொது எண் ஒன்றைத் தர வேண்டும். எந்தச் செய்திக்கு எவ்வளவு நேரத்தில் பதில் வரும் என்பதைச் சொல்ல வேண்டும். தாய் எழுதும் அந்தரங்கங்கள் வேறு கண்களுக்குப் போகாமல் காக்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் செய்திகளை மட்டும் அனுப்பிக்கொண்டிருப்பது, கடமை முடிந்துவிட்டது என்று எங்களை நாங்களே ஏமாற்றிக்கொள்வதாகும்.

வீடு திரும்பும் நாளில் எங்களிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுச் செல்லுங்கள்: "இரவு 10 மணிக்குக் குழந்தை பால் குடிக்கவில்லை என்றால் யாரை அழைக்க வேண்டும்?" அதற்குத் தெளிவான விடை கிடைக்கும் வரை வார்டை விட்டுக் கிளம்ப வேண்டாம்.