ஏமஸ் ஈட்டன்: கணக்கில் வராத வரவு

ஆயுள் தண்டனைக் கைதி, பிறகு நிலவியல் பேராசிரியர்! அமெரிக்கர் ஏமஸ் ஈட்டனைப் பற்றி எழுதுகிற பலரும் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். கடைசியில் "முயன்றால் முடியாதது உண்டா?" என்று ஒரு வரி. படிக்க ஜோராகத்தான் இருக்கிறது. கணக்குதான் உதைக்கிறது.

ஈட்டன் (1776-1842) வில்லியம்ஸ் கல்லூரியில் படித்தவர். வக்கீல், நில ஏஜெண்ட். ஒரு நிலத் தகராறில் போலிப் பத்திரம் தயாரித்ததாக 1811-ல் தண்டனை. நியூயார்க் நகரத்து நியூகேட் சிறையில் சில வருஷங்கள் இருந்தார். அங்கே அதிகாரியின் மகன் ஜான் டோரிக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்தார். (அந்தப் பையன் பின்னாளில் பெரிய தாவரவியலாளர் ஆனது தனிக்கதை.) 1815-ல் கவர்னரின் மன்னிப்பு. அப்புறம் யேலில் பெஞ்சமின் சில்லிமனிடம் பாடம். 1817-ல் தான் படித்த வில்லியம்ஸிலேயே விரிவுரைகள்.

அதற்கு மேல் பணம்? ஸ்டீஃபன் வான் ரென்சலர் கொடுத்தார். ஈரி கால்வாய் வழியில் நடந்த நிலவியல் சர்வேக்கும், 1824-ல் ட்ராய் ஊரில் தொடங்கிய ரென்சலர் பள்ளிக்கும் அவர் காசுதான். அவர் யார்? ஆயிரக்கணக்கான குத்தகைக்காரர்களை வைத்திருந்த பண்ணையார். 1839-ல் அவர் செத்ததும் வாரிசுகள் பாக்கியை வசூலிக்கக் கிளம்ப, குடியானவர்கள் திரண்டு எதிர்த்தார்கள். விஞ்ஞானத்துக்கு வந்த முதலீடு அந்தக் குத்தகையிலிருந்து வந்ததுதான். தன்னம்பிக்கைக் கட்டுரைகளில் இந்த வரவு எந்தப் பக்கத்திலும் இல்லை.

அப்படியானால் ஈட்டன் சாதித்தது ஒன்றுமில்லையா? உண்டு. ஆனால் அதைத்தான் யாரும் சொல்வதில்லை. பாறைகளை அவர் வகைப்படுத்திய முறை நிலைக்கவில்லை, போகட்டும். ட்ராயில் மாணவனே எழுந்து விரிவுரை நடத்த வேண்டும், சோதனையைத் தன் கையால் செய்துகாட்ட வேண்டும், வாத்தியார் உட்கார்ந்து கேட்பார், தவறினால் திருத்துவார். வகுப்பறையை விட்டு வெளியே போய்ப் பாறையையும் செடியையும் பார்க்க வேண்டும். புத்தகத்தை மனப்பாடமாக ஒப்பித்த காலத்தில் இது சாதாரண விஷயமா? பின்னாளில் நியூயார்க் மாநிலத்தின் தலைசிறந்த நிலவியலாளரான ஜேம்ஸ் ஹால், மாஸசூசெட்ஸிலிருந்து நடந்தே ட்ராய்க்கு வந்து சேர்ந்தது இப்படிப்பட்ட படிப்புக்காகத்தான்.

இதையெல்லாம் விட்டுவிட்டு ஜெயிலை மட்டும் தூக்கிப் பிடிக்கிறவர்களிடம் ஒரே கேள்வி. அதே நியூகேட்டில் செருப்புத் தைத்த கைதிகளில், வெளியே வந்தபோது கையில் கல்லூரிப் பட்டமும் பின்னால் ஒரு வான் ரென்சலரும் இருந்தவர்கள் எத்தனை பேர்?