வாகைக்குப் பின் காஞ்சி

அண்டை நாடுகள் இரண்டு பகை முற்றிப் போரில் இறங்கிவிட்டால், செய்தித்தாள் ஒரு கணக்கேடாக மாறிவிடுகிறது. இன்று முதல் நாள், இன்று பத்தாம் நாள், இன்று நூறாம் நாள் எனப் போருக்கு வயது எழுதப்படுகிறது. எந்த ஊர் வீழ்ந்தது, எத்தனை விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன, படை எவ்வளவு தொலைவு முன்னேறியது என்பனவே தலைப்புச் செய்திகளாகின்றன. 2022 பிப்ரவரியில் உக்ரேனுக்குள் ரஷ்யப் படை புகுந்தபோதும் உலகம் இப்படித்தான் நாள் எண்ணத் தொடங்கிற்று. தேநீர்க் கடையிலும், மாணவர் விடுதியின் படிப்பறையிலும், பள்ளிவாசல் திண்ணையிலும் அமர்ந்து நாமும் அக்கணக்கைப் பின்பற்றுகிறோம். நாம் யார் பக்கம் சாய்ந்தோமோ அவர் முன்னேறினால் மகிழ்கிறோம்; பின்வாங்கினால் வருந்துகிறோம்.

இந்த நாட்கணக்கு பொய்யன்று. ஆயின் முழுமையானதும் அன்று. நாள்தோறும் வரவு எழுதி வைத்து, ஆண்டு முடிவில் இருப்பைப் பாராத வணிகனை நாம் என்னவென்போம்? போரின் கணக்கையும் இறுதி இருப்பு வரை பார்த்தல் வேண்டும். அவ்வாறு பார்ப்பதற்குத் தக்கதொரு போர், 1980 முதல் 1988 வரை ஈராக்கும் ஈரானும் நடத்திய போராகும். இரு முஸ்லிம் நாடுகளுக்கிடையே நடந்தது என்பதால் அது நமக்குக் கூடுதலான வேதனையையும் பாடத்தையும் ஒருங்கே தருகிறது.

ஒப்பந்தம் கிழிந்த கதை

யூப்ரடீசும் டைகிரிசும் கலந்து ஷாத்துல் அரப் என்னும் ஆறாகிப் பாரசீக வளைகுடாவில் விழுகின்றன. அவ்வாற்றின் கீழ்ப்பகுதியே இரு நாடுகளின் எல்லை. எல்லைக் கோடு ஆற்றின் கரையில் அமைய வேண்டுமா, நடுவில் அமைய வேண்டுமா என்பது நெடுநாள் வழக்கு. 1975 மார்ச்சில் அல்ஜீர்ஸ் நகரில் ஈரான் மன்னர் ஷாவும், அந்நாளில் ஈராக்கின் இரண்டாம் நிலைத் தலைவராயிருந்த சதாம் ஹுசைனும் கூடி, ஆற்றின் ஆழமிகு நீரோட்டத்தின் நடுவே எல்லை செல்லும் என உடன்பட்டனர்.

1979இல் ஈரானில் மன்னராட்சி வீழ்ந்து புரட்சி வென்றது. அதே ஆண்டில் சதாம் ஈராக்கின் அதிபரானார். ஒருவர் மற்றவரின் ஆட்சியைக் கவிழ்க்க முனைவதாக இரு தலைநகரங்களும் குற்றம் சாட்டின. எல்லையில் பூசல்கள் பெருகின. 1980 செப்டம்பர் 17 அன்று, ஐந்தாண்டுகளுக்கு முன் தாமே உடன்பட்ட ஒப்பந்தம் இனிச் செல்லாது என்று சதாம் அறிவித்தார். புரட்சியின் குழப்பத்தில் ஈரானின் படை வலுவிழந்து கிடக்கிறது, சில வாரங்களில் வென்றுவிடலாம் என்பது அவரது கணிப்பு.

ஏட்டில் ஏறிய நாள்கள்

செப்டம்பர் 22 அன்று ஈராக்கிய விமானங்கள் ஈரானின் விமானத் தளங்களைத் தாக்கின; தரைப்படைகள் எல்லையைக் கடந்தன. மறுநாளே ஈரானிய விமானங்கள் ஈராக்கின் மீது பறந்து திருப்பித் தாக்கின. அக்டோபர் இறுதியில், வீதிக்கு வீதி நடந்த கடும் போருக்குப் பின், கொர்ரம்ஷஹர் என்னும் துறைமுக நகரம் ஈராக்கின் வசமாயிற்று. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அமைந்த ஆபாதான் முற்றுகைக்குள்ளாயிற்று. பாக்தாதுக்கு அவை வரவு எழுதிய நாள்கள்.

1981 செப்டம்பரில் ஆபாதான் முற்றுகை உடைந்தது. 1982 மே 24 அன்று கொர்ரம்ஷஹர் மீட்கப்பட்டது. ஈராக்கிய வீரர் பல்லாயிரவர் சிறைப்பட்டனர். அவை தெஹ்ரானுக்கு வரவு எழுதிய நாள்கள். அடுத்த மாதமே ஈரானிய மண்ணிலிருந்து தம் படையைத் திரும்பப் பெறுவதாகச் சதாம் அறிவித்தார். போர் தொடங்கி இரண்டாண்டுகூட நிறையவில்லை.

அந்த 1982 ஜூன் மாதமே இப்போரின் கணக்கில் நாம் ஆழ்ந்து நோக்க வேண்டிய பக்கம் என்பது நம் கருத்து. தாக்கப்பட்டவன் தன் மண்ணை மீட்டுக்கொண்டான், தாக்கியவன் பின்வாங்கிவிட்டான். அங்கே நின்றிருக்கலாம். ஆனால் நிற்கவில்லை. ஜூலை 13 அன்று ஈரானியப் படை எல்லையைக் கடந்து பஸ்ராவை நோக்கி நடந்தது. புனித ரமளான் மாதத்தில் நடந்த அப்படையெடுப்புக்கு ரமளான் என்றே பெயரும் சூட்டப்பட்டது. பஸ்ரா வீழவில்லை. போர் மேலும் ஆறாண்டுகள் நீண்டது.

அந்த ஆறாண்டுகளில் நடந்தவற்றை எழுத நெஞ்சம் நடுங்குகிறது. ஈராக் நச்சுப் புகையை ஆயுதமாக்கியது; இப்போரில் நச்சு ஆயுதம் பயன்படுத்தப்பட்டதை 1984 மார்ச்சில் ஐ.நா. வல்லுநர் குழு உறுதி செய்தது. 1986 பிப்ரவரியில் ஈரான் ஃபாவ் முனையைப் பிடித்தது. 1988 ஏப்ரலில் ஈராக் அதை மீட்டது. எண்ணெய்க் கப்பல்கள் எரிந்தன. தலைநகரங்களின் மேல் ஏவுகணைகள் விழுந்தன. 1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜாவில் ஈராக்கின் குடிமக்களான குர்து இனத்தவர் ஏறத்தாழ 5,000 பேர் தம் சொந்த நாட்டரசின் நச்சுப் புகையால் மாண்டனர். 1988 ஜூலை 3 அன்று அமெரிக்கப் போர்க்கப்பலொன்று ஈரானியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதில் 290 பேர் இறந்தனர். துபாய்க்குச் சென்றுகொண்டிருந்த அவ்விமானத்தில் இந்தியரும் இருந்தனர்.

1987 ஜூலையில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் இயற்றிய 598ஆம் தீர்மானத்தை ஓராண்டு கழித்து ஈரான் ஏற்றது. அம்முடிவு நஞ்சருந்துவதனினும் கொடியது என்று ஆயத்துல்லா கொமெய்னி வருந்திக் கூறினார். 1988 ஆகஸ்ட் 20 அன்று துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஏறத்தாழ 2,890 நாள்கள்.

இறுதி இருப்பு

இத்தனை நாள்களின் வரவு செலவை இனிக் கூட்டிப் பார்ப்போம். பல லட்சம் உயிர்கள் செலவாயின. வரவு என்ன? 1990 ஆகஸ்ட் 2 அன்று குவைத்துக்குள் படை நடத்திய சதாம், அம்மாத நடுவிலேயே ஈரானுக்கு மடல் எழுதி, 1975ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் எல்லையை ஏற்பதாகத் தெரிவித்தார். எந்த ஏட்டை அவர் கிழித்தெறிந்தாரோ அதே ஏட்டுக்கு அவரே திரும்பினார். கொர்ரம்ஷஹரைப் பிடித்த நாளின் வெற்றி முழக்கமும், ஃபாவை மீட்ட நாளின் ஆரவாரமும் வரைபடத்தில் ஒரு விரற்கடை மாற்றத்தையும் விட்டுச் செல்லவில்லை. வரவு சுழியம்.

செலவோ 1988உடன் நிற்கவில்லை. போர்க் கைதிகளின் கடைசிப் பரிமாற்றம் 2003ஆம் ஆண்டில்தான் நடந்தது. இருபது வயதில் சிறைப்பட்ட இளைஞன் நாற்பதை எட்டி வீடு திரும்பினால், அவனுக்கு அப்போர் எந்த நாளில் முடிந்தது என்போம்? நச்சுப் புகையைச் சுவாசித்தவர்களின் நுரையீரலிலும், எல்லை வயல்களில் புதைந்த கண்ணிவெடிகளிலும் அப்போர் பல்லாண்டு தொடர்ந்தது. நாட்கணக்கு எழுதியோர் 1988இலேயே ஏட்டை மூடிவிட்டனர்.

தமிழ் பயில்வோர்க்கு இஃது அறியாத செய்தியன்று. போரை நாள்முறையில் வகுத்துக் காட்டிய இலக்கணம் நம்முடையது. ஆநிரை கவர்தல் வெட்சி, மண் கருதிச் செல்லல் வஞ்சி, மதில் முற்றல் உழிஞை, எதிர்நின்று பொருதல் தும்பை, வெற்றி வாகை. இன்றைய நாளிதழ் இவ்வளவையும் எழுதி வாகையோடு நிறுத்திக்கொள்ளும். தொல்காப்பியரோ நிறுத்தவில்லை. வாகையை அடுத்து, நிலையாமை கூறும் காஞ்சியை வைத்தார். கணவனை இழந்தவளின் துயரையும், மகனை இழந்த தாயின் சாவையும், புண்பட்டோனைக் காத்து நிற்கும் பெண்டிரையும் அத்திணைக்குள் அடக்கினார். வெற்றிக்கு அடுத்த பக்கத்தையும் புரட்டுக என்பதே அவ்வரிசை நமக்கு உணர்த்தும் பொருள் என்று நாம் கொள்கிறோம்.

தவறிய கடமைகள்

இறைநம்பிக்கையாளரின் இரு பிரிவினர் பொருதுகொண்டால் அவர்களிடையே சமாதானம் செய்து வைத்தலைத் திருமறையின் 49ஆம் அத்தியாயம் கடமையாக்குகிறது. ஒரு பிரிவு வரம்பு மீறினால் அதனைத் தடுத்து நிறுத்துவதும், அது திரும்பி வந்துவிட்டால் நீதியோடு இணக்கம் காண்பதும் அக்கடமையின் இரு பகுதிகள்.

முதற்பகுதி 1980இலேயே தவறியது. போர் மூண்ட ஆறாம் நாள் பாதுகாப்பு மன்றம் இயற்றிய 479ஆம் தீர்மானம் சண்டையை நிறுத்தச் சொன்னதேயன்றி, புகுந்த படை வெளியேற வேண்டும் என்று சொல்லவில்லை. வரம்பு மீறியவர் யார் என்று உரைக்க உலகுக்கு நா எழவில்லை. 1980 செப்டம்பர் 22ஆம் நாள் தாக்குதல் நியாயப்படுத்த இயலாதது என ஐ.நா. பொதுச் செயலாளர் அறிக்கை தந்தது 1991 டிசம்பரில். பதினோராண்டுத் தாமதம்! இடைப்பட்ட காலத்தில் வளைகுடாவின் செல்வ நாடுகள் ஈராக்குக்குப் பெருந்தொகை கொடுத்தன. சோவியத் ஒன்றியமும் பிரான்சும் ஆயுதம் விற்றன. அமெரிக்கா ஒரு கையால் ஈராக்குக்கு உளவுச் செய்தி தந்து, மறு கையால் ஈரானுக்கு மறைவில் ஆயுதம் விற்றது.

இரண்டாம் பகுதி 1982இல் தவறியது. ஈரானியரின் ஐயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சில எல்லைப் பகுதிகள் அப்போதும் ஈராக்கின் பிடியில் இருந்தன. இழப்பீடு குறித்த உறுதி கிட்டவில்லை. ஒருமுறை ஒப்பந்தத்தைக் கிழித்தவர் மறுமுறை கிழியார் என்பதற்குப் பிணை ஏது என்று அவர்கள் கேட்டனர். நியாயமான கேள்வியே. ஆயினும் அதற்கு விடை தேடும் இடம் பஸ்ராவின் சதுப்பு நிலமன்று. தோற்றவன் கேட்கும் சமாதானத்துக்கு விலை கூடுதல். வென்றவன் கொடுக்கும் சமாதானத்துக்கே மதிப்பு கூடுதல். கொர்ரம்ஷஹரின் வெற்றி நாள் அமைதி நாளாகவும் ஆகியிருந்தால், 1988இல் நஞ்சாகத் தோன்றிய முடிவு 1982இல் பெருமையாகவே இருந்திருக்கும்.

சமாதானம் தேடியோரும் இருந்தனர் என்பதை மறத்தல் ஆகாது. இஸ்லாமிய நாடுகளின் அமைப்பு தூதுக்குழுக்களை அனுப்பிற்று. அல்ஜீரிய வெளியுறவு அமைச்சர் முஹம்மத் பின் யஹ்யா, தூது சென்ற வழியில், 1982 மே 3 அன்று துருக்கி-ஈரான் எல்லையருகே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு உயிர் நீத்தார். கொர்ரம்ஷஹர் மீட்கப்படுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன் நடந்தது அது. நகரம் பிடித்த தளபதிகளை நினைவில் வைத்திருப்போர் அத்தூதுவரையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

சங்கப் புலவர் கோவூர் கிழாரின் நினைவு நமக்கு இங்கே எழுகிறது. உறையூரை நலங்கிள்ளி முற்றியிருக்க, உள்ளே நெடுங்கிள்ளி அடைத்திருக்க, இருவருக்கும் இடையே சென்றார் அவர். இருவர் அணிந்ததும் ஆத்தி மாலையே. எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடியே என்று எடுத்துரைத்தார். பாக்தாதுக்கும் தெஹ்ரானுக்கும் இடையில் நின்று அதனைக் கூறும் குரல் வலுவுடையதாக இருக்கவில்லை. மாறாக, ஈராக் தன் போருக்குக் காதிஸிய்யாவின் பெயரைச் சூட்டியது. ஈரான் தன் படையெடுப்புகளுக்குக் கர்பலாவின் பெயரைச் சூட்டியது. முன்னோரின் வரலாறு இரு புறமும் பகைக்கு எரிபொருளாயிற்று.

நாம் செய்யத் தக்கது

தொலைவிலிருந்து செய்தி படிப்போரால் போரை நிறுத்த முடியுமா என்று மாணவர்கள் கேட்கலாம். முடியாதுதான். ஆனால் ஆரவாரம் செய்யாதிருக்க முடியும். இனம் பார்த்தும் பிரிவு பார்த்தும் ஒரு பக்கம் சாயாதிருக்க முடியும். வரம்பு மீறியவன் நமக்கு வேண்டியவனாயினும் அவனை வரம்பு மீறியவன் என்றே சொல்ல முடியும். அவன் பின்வாங்கிய நாளில், போதும் என்று முதலில் குரல் கொடுக்க முடியும். ஆள்வோர் மக்களின் ஆரவாரத்தைக் கேட்டே அடுத்த படையெடுப்புக்கு நாள் குறிக்கின்றனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அடுத்து எங்கேனும் அண்டை நாடுகள் மோதும் செய்தி வரும்போது, இன்று எந்த ஊர் வீழ்ந்தது என்று கேட்பதோடு நில்லாது, ஒப்பந்தம் எங்கே கிழிந்தது, அமைதிக்கான கதவு எந்த நாளில் திறந்தது, அதை மூடியவர் யார் என்றும் கேட்போமாக. வாகைப் பக்கத்தை வாசித்து முடித்த கையோடு காஞ்சிப் பக்கத்தையும் புரட்டுவோமாக. அப்பக்கத்தைப் படித்தவன் அடுத்த போருக்குக் கைதட்டமாட்டான்.