எங்கள் பாட்டன் பெயர் உங்கள் பீரோவில் இருக்கிறது

இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்திய, தமிழ்நாடு, இலங்கை அரசுகளிடம் வைக்கும் கோரிக்கைச் சாசனம்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கத் தேயிலைக் காடுகளிலும் சமவெளியின் காலனிகளிலும் வாழ்கிறோம். நிலத்துக்கும் வீட்டுக்கும் தனி மனுக்கள் கொடுத்திருக்கிறோம். அவை கிடப்பில் கிடக்கின்றன. இது வேறு மனு. எங்கள் தாத்தா, பாட்டியைப் பெற்றவர்கள் யார், எந்த ஊரிலிருந்து கண்டிச் சீமைக்குப் போனார்கள் என்று தேட வழிவிடச் சொல்கிறோம். அந்தத் தேடல் ஒரு கொழுந்துக்காரியின் கூலிக்குள் முடிய வேண்டும் என்றும் சொல்கிறோம்.

கூலிக்காரக் குடும்பத்துக்கு வம்சாவளிக் காகிதம் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. உண்மையில் எங்களை எழுதி வைத்த அளவுக்கு எழுதி வைக்கப்பட்டவர்கள் குறைவு. கங்காணி ஆள் பிடித்த காலத்திலேயே தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் பொறித்த தகரவில்லையைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். மண்டபம் முகாமில் தடுத்து நிறுத்தி எண்ணினார்கள். தோட்டத்தில் செக்ரோல் என்ற கூலிப் பேரேட்டில் பேர் விழாமல் ஒருநாள் கூலி கிடையாது. பிரட்டுக்களத்தில் காலையில் கூப்பிட்ட பெயர்கள் எல்லாம் ஏதோவொரு பேரேட்டில் இருந்தவைதான்.

பிறகு 1948இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்கள் முன்னோரை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், பிரஜாவுரிமை வேண்டுமானால் நிரூபி என்றது. கல்யாணமானவர் ஏழு ஆண்டுகளும் ஆகாதவர் பத்து ஆண்டுகளும் 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து அங்கே வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டவர்கள் சுமார் ஒரு லட்சத்து முப்பத்து நாலாயிரம் பேர். ஆனால் நிராகரித்த மனுவும் காகிதம்தான். புருஷன், பெண்சாதி, பிள்ளைகள், வேலை பார்த்த தோட்டங்கள் என்று ஒரு குடும்பத்தின் கதையை அந்தக் குடும்பமே சொல்லி எழுதவைத்த கோப்பு அது.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதி. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. அக்காள் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தது இந்தக் கணக்கில்தான். அப்போதும் கண்டியிலிருந்த இந்திய அலுவலகம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அட்டை எழுதிக் கொடுத்தது.

எங்களில் ஒருவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் அந்தக் குடும்ப அட்டை இருக்கிறது. மடிப்புகள் நான்காகப் பிரிந்து, செல்லோடேப் ஒட்டிய இடம் பழுப்பேறிவிட்டது. பெயர், வயது, உறவுமுறை எல்லாம் படிக்க முடிகிறது. புறப்பட்ட தோட்டத்தின் பெயர் உள்ள வரியில் மட்டும் ஈரம் பட்டு மை ஊறி, முதல் இரண்டு எழுத்துகளே மிஞ்சியிருக்கின்றன. தோட்டம் தெரியாவிட்டால் எந்தப் பதிவாளர் பிரிவில் பிறப்பைத் தேடுவது, எந்தச் செக்ரோலைக் கேட்பது? அட்டை எழுதிய அலுவலகத்தில் அந்த வரி ஊறாமல் இருக்கலாம்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: கண்டியில் எழுதிய குடும்ப அட்டைப் பதிவேடுகளும், திரும்பி வந்து மண்டபம் முகாமில் இறங்கியவர்களின் பட்டியல்களும், தமிழ்நாடு மறுவாழ்வுத் துறையின் குடும்பக் கோப்புகளும் எங்கே, எந்த நிலையில் இருக்கின்றன என்று இந்திய, தமிழ்நாடு அரசுகள் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். பிறகு அவற்றைப் படமெடுத்து, வாரிசுகள் இலவசமாகத் தேட வசதி செய்ய வேண்டும். முடியாத காரியம் இல்லை. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய 1,52,184 பேரின் பதிவுகளை அங்குள்ள வாரிசுகள் இன்று காசில்லாமல் தேடுகிறார்கள். தகப்பன் பெயர், கிராமம், தாலுகா வரை கிடைக்கிறது. மொரீஷியஸில் மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் அந்நாட்டுக் குடியேற்றப் பதிவேடுகளைக் காத்துவருகிறது. இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரத் துரைமாரின் பேரப்பிள்ளைகளுக்குக்கூட, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் ‘இந்தியா ஆபீஸ்’ பதிவுகளாக லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. பாக்குநீரிணையைக் கடந்தவர்களுக்கு மட்டும் ஏன் இல்லை?

இரண்டாவது, எல்லோரும் கவனிக்கத் தவறிய ஒன்று. இந்தியாவின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005, இலங்கையின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டுமே அந்தந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும் உரியவை. இங்கே பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கொடுத்து நகல் வாங்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் கட்டணமே இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வு என்றால் சில விலக்குகள் தவிர மறுக்கவும் முடியாது. ஆனால் எங்கள் பாதிக் காகிதம் கொழும்பில் இருக்கிறது, அங்கே எங்களுக்குக் கேட்கும் உரிமை இல்லை. ஹட்டனில் இருக்கும் எங்கள் பெரியம்மா மகனுக்குத் தமிழ்நாட்டுக் கோப்பைக் கேட்கும் உரிமை இல்லை. ஒப்பந்தம் போட்டுப் பிரித்த இரு நாடுகளும், பிரிந்த குடும்பத்தார் இரு பக்கமும் உள்ளூர்க் கட்டணத்திலேயே மனுப் போட ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை கண்டியிலுள்ள இந்தியத் துணைத் தூதரகமும் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகமும் மனுக்களை வாங்கி அனுப்பட்டும். இன்று நடப்பது புரோக்கர் ராஜ்ஜியம்.

இலங்கையில் தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பெனிகள் கைக்குப் போயின. கைமாறும்போதெல்லாம் பழைய பேரேடுகள் கழிவுக் காகிதமாகும் ஆபத்து உண்டு. செக்ரோல்களை அழிக்கக் கூடாது என்று இலங்கை அரசு உத்தரவிட வேண்டும். அவை சுவடிகள் திணைக்களத்துக்கு வர வேண்டும்.

தமிழ்நாடு அரசின் எழும்பூர் ஆவணக் காப்பகத்திடம் கேட்பது சிறிது. பல்கலைக்கழகக் கடிதம் கொண்டுவராத குடும்பத்துக்கும் ஒரு மேசையும், வழிசொல்ல ஓர் ஊழியரும் வேண்டும். பழைய தாலுகா, கிராமப் பெயர்களுக்கு இன்றைய பெயர் காட்டும் ஒரு பட்டியலும் வேண்டும். காகிதத்தில் திருச்சி ஜில்லா என்றிருந்தால் அந்த ஊர் இன்று கரூரிலோ பெரம்பலூரிலோ அரியலூரிலோ இருக்கலாம். தேடுபொறி எழுத்துப் பிழையைப் பொறுக்க வேண்டும்; எங்கள் பாட்டி ராமாயி காகிதத்துக்குக் காகிதம் ராமாய், ரெமாயி, ராமி என்று மாறியிருக்கிறாள். சாதிப் பத்தியை வாரிசுகளுக்கு மட்டுமே காட்ட வேண்டும். ஊரார் ஆராய அது திறந்து கிடக்கக் கூடாது.

இது பொழுதுபோக்கு என்று நினைக்கும் அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. சாதிச் சான்றிதழுக்குப் போனால் பூர்வீக ஊர் எது, ஆதாரம் எங்கே என்று கேட்பவர் நீங்கள். அந்த ஆதாரத்தைப் பூட்டி வைத்திருப்பவரும் நீங்கள். கண்டியில் எழுதிய குடும்ப அட்டையையே போதுமான ஆதாரமாக ஏற்க வேண்டும்.

எங்கள் பங்கை நாங்கள் செய்கிறோம். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்தக் கங்காணி, எது குலதெய்வம் என்ற நான்கு கேள்விகளைப் பெரியவர்களிடம் கேட்டு, கைப்பேசியில் பதிவு செய்துவருகிறோம். கடைசிக் கேள்விதான் அதிகம் கைகொடுக்கிறது. ஊர் மறந்தவர்களும் சாமி பேரை மறக்கவில்லை. அந்தக் கோயிலைக் கண்டுபிடித்தால் பங்காளிகள் அங்கே இருக்கிறார்கள். பஸ் சார்ஜோடு முடிகிற செலவு.

ஆனால் 1968இல் இருபது வயதில் கப்பலேறியவருக்கு இன்று எழுபத்தைந்து தாண்டிவிட்டது. இந்தச் சாசனத்துக்கு வழக்கமான ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதில் வேண்டாம். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எந்தத் தேதியில் திறப்பீர்கள் என்று எழுத்தில் தாருங்கள்.